ஆறாம் மேசையில் வைத்த இருபது டாலர்

வெர்னன் டட்டிலைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவர் கையைத்தான் சொல்வார்கள். முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுது பார்த்த கை. ஓய்வு பெற்ற பிறகும் பக்கத்து வீட்டு லாரி, எதிர் வீட்டு டிராக்டர் என்று ஏதாவது ஒன்றின் அடியில் படுத்துக்கொண்டுதான் இருப்பார். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் வந்துவிட்டால், பழைய பிரஷ்ஷும் சோப்புமாக உட்கார்ந்து, நகக்கண்ணில் ஒரு பொட்டு மசி இல்லாமல் தேய்த்து எடுத்துவிடுவார். மறுநாள் சர்ச்சில் காணிக்கைத் தட்டு பிடிக்கிற கை அல்லவா!

டென்னசி மலைப்பக்கத்துச் சின்ன ஊர் அது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாதிச் சபை நெடுஞ்சாலை ஓரத்து ஹேஸல் உணவகத்தில் போய் இறங்கும். வெர்னனும் மனைவி லோரீனும் உட்காருவது எப்போதும் ஆறாம் நம்பர் மேசை. பொரித்த கோழி, பீன்ஸ், மாவும் பாலும் விட்டுக் காய்ச்சிய வெள்ளைக் குழம்பு, சர்க்கரை தூக்கலாக ஐஸ் டீ. எழும்போது தட்டுக்கு அடியில் இரண்டு ஒற்றை டாலர் நோட்டுகளை வைத்துவிட்டு வருவார். இளவயதில் பழகிய கணக்கு. விலைவாசி ஏறியதே தவிர அந்த இரண்டு ஏறவில்லை.

அந்த வருடம் சபைக்குப் புதிய கைப்பிரதிகள் வந்தன. வெளியே பார்த்தால் நான்காக மடித்த இருபது டாலர் நோட்டேதான். பிரித்தால் உள்ளே, ‘பணம் என்று நினைத்தாயா? இதைவிடப் பெரிய செல்வம் உனக்குக் காத்திருக்கிறது’ என்று அச்சடித்திருக்கும். அதன் கீழே வேத வசனம், சர்ச் முகவரி. வாசலில் நின்று ஆளுக்கு நாலு கொடுக்கும் பொறுப்பு வெர்னனுடையது. முதல் வாரம் இரண்டு டாலரோடு சேர்த்து ஒன்றை வைத்தார். பிறகு, இத்தனை பெரியதைக் கொடுக்கும்போது கூட இரண்டு டாலர் எதற்கு என்று தோன்றிவிட்டது. இதில் அவர் யாரையும் ஏய்க்க நினைக்கவில்லை. ஓர் ஆத்துமாவாவது திருந்தும் என்று மனதார நம்பினார்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, காருக்குப் போன பிறகுதான் தொப்பியை மாட்டிய இடத்திலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்தார். புதிதாகச் சேர்ந்திருந்த ரோண்டா ஆறாம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முப்பதைத் தாண்டியவள். வாசல் பக்கம் முதுகு. தட்டைத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

"ஹார்லன்! இங்க பாரேன், இருபது! சேர்ந்து நாலு நாள்தான் ஆகுது, அந்தத் தாத்தா இருபது வெச்சுட்டுப் போயிருக்காரு!" மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவே இடுப்பை ஆட்டி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

சமையல்காரர் ஹார்லன் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "பிரிச்சுப் பாத்துட்டு ஆடு."

"ஏன்?"

"ஆறாம் நம்பர்தானே? அது பரலோக பேங்க்கு. இங்க கீழ செல்லாது."

ரோண்டா பிரித்தாள். அவள் கழுத்தில் சிவப்பு ஏறியது. கோபப்பட்டிருந்தால்கூட வெர்னன் தாங்கியிருப்பார். அவளோ தான் ஆடியதை யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். வெர்னன் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். தொப்பியை எடுக்காமலே வெளியே வந்துவிட்டார்.

"தொப்பி எங்க?" என்றாள் லோரீன்.

"காணோம்."

"காணோமா? அங்கதான மாட்டின?"

"காணோம்னா காணோம், விடேன்."

அந்த வாரம் முழுக்க வெறுந்தலையோடு அலைந்தார். பரலோக பேங்க்கு. ஊருக்குள் தனக்கு அப்படி ஒரு பேர் எத்தனை மாதமாக இருக்கிறதோ? இதற்கு முன் அந்த மேசையைத் துடைத்த இரண்டு பெண்களும் இப்படித்தான் ஒரு தரம் ஆடி, ஒரு தரம் பிரித்துப் பார்த்திருப்பார்களோ? வியாழக்கிழமை சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "லோரீன், ஓட்டல்ல டிப்ஸ் எவ்வளவு வைக்கணும்?"

லோரீன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "பில்லுல நூத்துக்குப் பதினைஞ்சுன்னு சொல்வாங்க. ஞாயித்துக்கிழமைன்னா இருபது வெச்சாலும் தகும்."

"ஞாயித்துக்கிழமைக்கு என்ன?"

"அன்னிக்கு நம்ம கூட்டம்ல போகுது. அந்தப் பொண்ணுங்களுக்கு மணிக்கு ரெண்டு டாலர் பதிமூணு காசுதான் முதலாளி தர்றாரு. மிச்சம் மேசையிலேருந்துதான் வரணும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம் நான் பண்ண வேலைதான். நீ கேட்டதில்ல, நான் சொன்னதில்ல."

"இத்தனை மாசமா நான் வைக்கிறதப் பார்த்துட்டு சும்மாதான இருந்த?"

"சர்ச் காரியம்னு சொல்லுவ. உங்கிட்ட யாரு பேசுறது?"

அடுத்த ஞாயிறு சர்ச் வாசலில் கைப்பிரதிகளை வழக்கம்போலக் கொடுத்தார். கொடுக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களே, அதற்குப் பயம். ஹேஸல் உணவகத்தில் நுழைந்ததும் ரோண்டா அவர் தொப்பியை எடுத்து வந்தாள். தூசி தட்டி, காகிதத்தில் சுற்றி வைத்திருந்தாள். வெர்னன் அதை வாங்கி மறுபடி பழைய இடத்திலேயே மாட்டினார்.

"எப்ப விட்டீங்கன்னே தெரியல கண்ணு. நான்தான் பத்திரமா எடுத்து வெச்சேன். டீ ஊத்தட்டுமா?" சாப்பிட வருகிறவர் யாரானாலும் அவளுக்குக் கண்ணுதான்.

அன்று முழுவதும் அவரால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பில் இருபத்தோரு டாலர் சொச்சம். சட்டைப்பையில் தனியாக ஓர் இருபது டாலர் நோட்டு, அசல் நோட்டு, கொண்டுவந்திருந்தார். பக்கத்து மேசையில் சபையைச் சேர்ந்த கிளிஃப்டன் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். இவ்வளவு வைப்பதை அவர் பார்த்தால் வீண் பேச்சு. அதனால் வெர்னன் நோட்டை மேசைக்கு அடியிலேயே மடித்தார். கை பழகிய மடிப்பு. நான்காக மடித்து, தட்டின் விளிம்புக்கு அடியில் செருகினார்.

பணம் கட்டிவிட்டுக் கல்லாப்பக்கம் நின்றுகொண்டார். பர்ஸில் மீதி இருந்தது சில்லறை மட்டும். அவள் இன்னொரு தரம் ஆடுவதைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது அவருக்கு.

ரோண்டா வந்தாள். மடித்த நோட்டைப் பார்த்தாள். பிரிக்கவில்லை. முகம்கூட மாறவில்லை. இரண்டு விரலால் எடுத்துக் கோழி எலும்பு கிடந்த தட்டில் போட்டு, குழம்போடு சேர்த்து ஒரே வழியாகக் குப்பைத்தொட்டியில் வழித்துவிட்டு, கிளிஃப்டன் எழுந்துபோன அடுத்த மேசையையும் அப்படியே வழித்துவிட்டாள்.

வெர்னன் ஓரடி எடுத்து வைத்து நின்றார். அது அசல் நோட்டு என்று சொன்னால், மற்றதெல்லாம் என்ன என்று சொல்லியாக வேண்டும். பின்னால் வரிசையில் பாதிச் சபை நிற்கிறது.

லோரீன் மெல்லச் சொன்னாள்: "நான் கார்ல இருக்கட்டுமா?"

"இல்ல, இரு."

நேராகத் தொட்டிக்குப் போனார். சட்டைக் கையை மடித்துவிட்டு உள்ளே கையை விட்டார்.

"ஐயையோ, என்ன பண்றீங்க?" ரோண்டா ஓடி வந்தாள். "பல்செட்ட போட்டுட்டீங்களா கண்ணு?"

வரிசையில் நின்ற கிளிஃப்டன் சிரித்தார். "என்ன வெர்னன், சாப்பாடு பத்தலையா?"

மணிக்கட்டு வரை குழம்பு. மடித்த ஒன்று தட்டுப்பட்டது. வெளியே எடுத்துப் பிரித்தார். ‘பணம் என்று நினைத்தாயா?’ இன்னொன்றை எடுத்தார். அதுவும் அதே. மூன்றாவது கிளிஃப்டன் மேசையிலிருந்து போனதாக இருக்க வேண்டும். கிளிஃப்டனின் சிரிப்பு அதோடு நின்றது, ஷூவைப் பார்க்க ஆரம்பித்தார். மூன்றும் காலையில் வாசலில் நின்று வெர்னன் தன் கையால் கொடுத்தவை. தொட்டியின் விளிம்பில் ஒவ்வொன்றாக வைத்தார். நான்காவது, ஒரு தொடை எலும்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது நிஜ நோட்டும்மா," என்றார். குரல் தனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னார். "இது நிஜம். போன வாரம் நீ பிரிச்சப்ப நான் அந்தத் தூணுக்குப் பின்னாடிதான் நின்னேன்."

ரோண்டாவின் கழுத்தில் அதே சிவப்பு. "ஆடினதையும் பாத்தீங்களா?"

அவர் தலையை மட்டும் அசைத்தார்.

அவள் நோட்டை வாங்கிக் குழாயில் அலசி, காப்பிப் பாத்திரத்தின் சூடான பக்கத்தில் ஒட்டவைத்தாள். ஆடவில்லை. "நல்லா கையக் கழுவிக்கங்க," என்றாள். அவர் விரலெல்லாம் பிசுக்காக இருந்ததால் குழாயை அவளே திறந்து பிடித்தாள். எண்ணெய்ப் பிசுக்கு, சோப்பு போட்டும் போகவில்லை. வெர்னன் தலையைக் குனிந்துகொண்டு தேய்த்துக்கொண்டே நின்றார்.

காரில் ஏறினார்கள். சட்டைப்பையில் மீதமிருந்த கைப்பிரதிக் கட்டின் மேல் பிசுக்குப் போகாத அவர் விரல்கள் பதிந்திருந்தன.

லோரீன் அவர் தலையைப் பார்த்தாள். "தொப்பி?"

வெர்னன் உணவகக் கதவைப் பார்த்தார். கை வண்டிச் சாவியில் இருந்தது.

"அடுத்த வாரம் எடுத்துக்கலாம்," என்றார். வண்டி நகரவில்லை. "எடுத்துட்டு வர்றியா லோரீன்? என்னால முடியாது."