பென்டிரைவைத் தெரியாத கம்ப்யூட்டர்

ஸ்டிக்கர் அக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வங்கிக்காரர்களுக்கும் அவள் கணவருக்கும் மட்டும்தான் தெரியும். கணவரும் கோபம் வந்தால் மட்டுமே அதை எடுப்பார். மற்ற எல்லோருக்கும், அவளைவிட மூத்தவர்களுக்கும்கூட, அவள் ஸ்டிக்கர் அக்காதான்.

கையை விரித்தால் இரண்டு பக்கமும் சுவர் இடிக்கிற கடை. நுழைந்ததும் வண்ண வண்ண ஸ்டிக்கர் சுருள்கள் சாய்ந்து நிற்கும். அதற்குப் பின்னால் வெட்டும் மெஷின், அதை ஒட்டி வெள்ளையாக இருந்து பழுப்பேறிப்போன ஒரு கம்ப்யூட்டர். எழுத்தை அடித்துக் கொடுத்தால், மெஷினுக்குள் இருக்கிற துளிக் கத்தி அந்த எழுத்தின் ஓரம் முழுக்கக் கீறிக்கொண்டே போகும். அப்புறம் வேண்டாத இடத்தையெல்லாம் இடுக்கியால் உரித்தெடுக்க வேண்டும். அக்கா உரிக்கிற அழகே தனி. வாய் ஒரு பக்கம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும்; கை 'ண'வின் சுழிக்குள் இருக்கிற துணுக்கைக்கூட முழுசாக எடுத்துவிடும். வண்டி நம்பர், கடைப்பெயர், 'நாய் கடிக்கும்' என்று எங்கள் தெருவில் ஒட்டியிருக்கிற எழுத்தில் பாதி அவள் கைவண்ணம்.

அவளுக்கு ஒரு கொள்கை இருந்தது. பிழையாக எழுதிக் கொண்டுவந்தால் வெட்டித் தரமாட்டாள். அதனால்தான் எதிர்க்கடை ஊசிக்காரரோடு பேச்சு நின்றுபோனது. ஊசிக்காரருக்குத் தொழில் துணியில் எம்பிராய்டரி போடுவது. கடை திறந்த புதிதில், 'இங்கு பூ வேளை செய்து தரப்படும்' என்று எழுதிக்கொண்டு வந்தார். வேளை என்றால் பொழுது, நீங்கள் செய்வது வேலை, எழுத்தை மாற்றித் தருகிறேன் என்றாள் அக்கா. எந்த 'லை' போட்டால் என்ன, பூ ஒன்றுதானே என்றார் அவர். அப்படியானால் என் மெஷினில் வெட்டமாட்டேன் என்று இவள் சொல்ல, அவர் விறுவிறுவென்று வேறெங்கோ போய் அதே பிழையோடு ஒரு போர்டு செய்துகொண்டு வந்து, சரியாக அக்கா உட்கார்கிற நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டினார். காலையில் கடை திறந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தப் பெரிய 'ளை'தான். வேண்டுமென்றே மாட்டியிருக்கிறார் என்று அவளுக்கு உறுதியாகத் தெரியும். வருஷக்கணக்கில் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கையில், ஒரு நாள் காலை அக்காவின் கம்ப்யூட்டர் உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல டக் டக் என்று சத்தம் போட்டது. திரை கறுப்பாகவே இருந்தது. கணவர் பஸ் டிரைவர். அன்றைக்கு அவருக்கு மதியத்துக்கு மேல்தான் டியூட்டி. பஸ்ஸிலும் இப்படித்தான் வரும் என்று சொல்லி, பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினார். சத்தம் நின்றது. அதோடு மற்ற எல்லாமும் நின்றது.

அதே சமயம் வாசலில் புத்தம்புது வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. ஆஸ்பத்திரிக்கு வாங்கிய ஆம்புலன்ஸ். மறுநாள் காலை சோதனைக்குப் போக வேண்டும், எழுத்து இல்லாமல் வண்டியைப் பாஸ் செய்யமாட்டார்கள் என்று டிரைவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அமைதியான மனிதர். அன்று முழுக்க அந்த பெஞ்சைவிட்டு நகரவில்லை.

அக்கா கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டாள். அவர் வந்து கழற்றிப் பார்த்து, ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள் என்றார். அது நடக்காது என்பது அவருக்கே தெரியும். வெட்டும் மெஷினிலிருந்து வருகிற தடிமனான கேபிளை மாட்ட இப்போதைய கம்ப்யூட்டர்களில் இடமே கிடையாது. ஒருமுறை அவரே மாற்று வயர் ஒன்று கொடுத்துப் பார்த்தார். மெஷின் எழுத்துக்குப் பதிலாக மீன்முள் மாதிரி எதையோ வெட்டித் தள்ளியது. ஆகவே, முணுமுணுத்துக்கொண்டே போய், தன் கடை டிராயரில் கிடந்த பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் தேடி எடுத்து வந்து மாட்டினார். அது காலி டிஸ்க். அதில் ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்ற வேண்டும்.

அங்கேதான் கதை சிக்கியது. சிடி போடுகிற தட்டு திறக்கவில்லை. அக்கா ஒரு குண்டூசியை அதன் சின்ன ஓட்டைக்குள் விட்டு அமுக்கித் திறந்தாள். சிடியை வாங்கிக்கொண்டு அது கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நின்றுவிட்டது. பென்டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். எதிலிருந்து எழுந்திருப்பது என்று அந்தக் கம்ப்யூட்டர் வைத்திருந்த பட்டியலில் ஹார்ட் டிஸ்க் இருந்தது, சிடி இருந்தது, ஃபிளாப்பி இருந்தது. பென்டிரைவ் என்ற பேச்சே இல்லை. அது பிறந்த காலத்தில் பென்டிரைவ் பிரபலம் ஆகவில்லை. டிஸ்க்கைக் கழற்றித் தன் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டி ஏற்றலாம் என்றால், இந்தப் பழைய டிஸ்க்குக்கு மாட்டுகிற அகல வயர் போகிற கம்ப்யூட்டர் எதுவும் கடைக்காரரிடம் மிச்சமில்லை.

அவர் தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். பிறகு சொன்னார்: "ஒரே ஒரு வழி இருக்குக்கா. ஒரு ஃபிளாப்பி கிடைச்சா, அதுல சின்னதா ஒரு புரோகிராம் எழுதித் தரேன். கம்ப்யூட்டர் ஃபிளாப்பியப் பார்த்து எழுந்திரிக்கும், அந்தப் புரோகிராம் பென்டிரைவைக் கூப்பிட்டு விட்டுடும். எழுதுற கருவி எங்கிட்ட இருக்கு. ஆனா இந்தக் காலத்துல ஃபிளாப்பிக்கு எங்க போறது?"

அக்காவுக்கு எங்கே போக வேண்டும் என்று தெரியும். தெரிந்ததுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஊசிக்காரரின் மெஷின் ஃபிளாப்பியில்தான் டிசைன் வாங்கும். அவர் ஒவ்வொரு முறையும் அதைத் துடைத்து உள்ளே தள்ளுவதை அவள் தினமும் எதிரிலிருந்து பார்க்கிறாள். கணவர், தானே போய்க் கேட்கிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு தெருவைக் கடந்தாள்.

போகிற வழியில் என்னென்னவோ பேச வேண்டும் என்று நினைத்துப் போனாளாம். கடைசியில், கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, ஒரு ஃபிளாப்பி வேண்டும் என்று மட்டும் சொன்னாள். ஊசிக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். உள்ளே ஒவ்வொரு ஃபிளாப்பியின் நெற்றியிலும் ஒரு டிசைனின் பெயர்: ரோஜா, கப்பல், நங்கூரம், வாத்து. ஆளுக்கொரு பிள்ளை மாதிரி வைத்திருந்தார். அந்த மெஷின் தன் பாணியில் எழுதிய எழுத்தை வேறு கம்ப்யூட்டர் படிக்காது. அதனால் டிசைனை நகல் எடுத்து வைக்க வழியில்லை; ஃபிளாப்பியில் வேறு எதையாவது எழுதினால் டிசைன் அழிந்தே போய்விடும். அக்காவுக்கு அது புரிந்ததும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"வாத்து எடுத்துக்கங்க," என்றார் அவர். "குழந்தைச் சட்டைக்குப் போடறது. இப்பல்லாம் யாரும் வாத்து கேக்கறதில்ல."

கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் பின்னாலேயே வந்துவிட்டார். தன் வாத்து என்ன ஆகப்போகிறது என்று பார்க்க வேண்டாமா? கடைக்காரர் எழுத ஆரம்பித்தார். பாதியில் நின்றது, வாத்தின் ஃபிளாப்பியில் எங்கோ ஒரு மூலை கெட்டிருந்தது. ஊசிக்காரர் எழுந்து போய் நங்கூரத்தை எடுத்து வந்தார். நங்கூரத்துக்கு இன்னமும் கிராக்கி உண்டு என்பதை அவர் சொல்லவில்லை, முகமே சொல்லிவிட்டது.

நங்கூரத்தில் புரோகிராம் ஏறியது. கம்ப்யூட்டருக்குள் தள்ளி ஆன் செய்தார்கள். கர் கர் என்று இருமிக்கொண்டு அது ஃபிளாப்பியைப் படித்தது. நீலத் திரையில் ஒரு பட்டியல் வந்தது. அதில் பென்டிரைவின் பெயரும் இருந்தது. அக்கா பொத்தானை அழுத்தினாள். பென்டிரைவின் விளக்கு இரண்டு தரம் கண்ணடித்துவிட்டு அணைந்துபோனது. திரை அப்படியே உறைந்தது.

மறுபடி முயன்றார்கள், மறுபடியும் அதே கதை. கணவர் கம்ப்யூட்டரைத் தட்டக் கையை ஓங்கினார். அக்கா பார்த்த பார்வையில் கீழே இறக்கினார். கடைக்காரர் கொஞ்ச நேரம் பென்டிரைவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முன்பக்கத்திலிருந்து பிடுங்கிப் பின்பக்கத் துளையில் செருகினார். முன்பக்கத்துக்கு உள்ளே போகிற வயர் பழசாகியிருக்கும் என்பது அவர் ஊகம். இந்த முறை விளக்கு அணையவில்லை. திரையில் ஒரு கோடு முளைத்து, நகர்கிறதா இல்லையா என்று தெரியாத வேகத்தில் நகர ஆரம்பித்தது.

பழைய கம்ப்யூட்டர் பென்டிரைவைப் படிப்பது கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. கடைக்காரர் தன் கடைக்குப் போனார், கணவர் பஸ் எடுக்கப் போனார். அக்காவும் ஊசிக்காரரும் ஆம்புலன்ஸ் டிரைவரும் உட்கார்ந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம்தான் கோட்டைப் பார்ப்பது? கண் தானாக எதிரே போனது. அங்கே அந்த 'ளை'.

அக்கா பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள். "என் மேல இருக்கிற கோவத்துக்கு இத்தனை வருஷமா அந்தத் தப்பை மாட்டி வெச்சிருக்கீங்களே, உங்களுக்கே அது உறுத்தலையா?"

ஊசிக்காரர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "கோவமா? மாட்டின மாசமே கோவமெல்லாம் போயிடுச்சும்மா. மாத்தலாம்னுதான் இருந்தேன். ஆனா தெருவுல போறவங்க நின்னு பார்த்துட்டு, உங்க போர்டுல தப்பு இருக்குன்னு சொல்ல உள்ள வராங்க. வந்தவங்கள்ல பாதிப் பேர் ஒரு சட்டையோ தலையணை உறையோ குடுத்துட்டுப் போறாங்க. அப்புறம் எப்படி மாத்தறது?"

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடக்க அடக்கப் பொங்கிக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். பெஞ்சிலிருந்த டிரைவர், காலையில் வண்டியை நிறுத்தியபோது தனக்கும் போய்ச் சொல்லலாமா என்று தோன்றியது என்றார். அன்று அவர் தானாகப் பேசிய முதல் பேச்சு அதுதான். போர்டு அப்படியே இருக்கட்டும் என்று அக்காவே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் ஏற்றம் முடிந்தது. மெஷினுக்கு உண்டான மென்பொருளையும் ஏற்றி, ஒரு வட்டம் வெட்டிப் பார்த்தாள். வட்டம் வட்டமாகவே வந்தது. சிவப்புச் சுருளை மாட்டி 'ஆம்புலன்ஸ்' என்று அடித்தாள். கத்தி பழையபடி சர் சர் என்று ஓடியது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது அவளுக்கு. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே உரித்து, மேஜையில் பரப்பினாள். ஊசிக்காரர் ஒவ்வோர் எழுத்தாகப் படித்து, ஒரு பிழை இல்லை என்றார்.

டிரைவர் மட்டும் தயங்கினார். "முன்பக்கத்துல ஒட்டறது, அக்கா. முன்னால போற வண்டிக்காரன் கண்ணாடியில பார்த்துப் படிக்கணும். இது நேரா இருக்கே."

திருப்பிப்போட்டு வெட்ட வேண்டும் என்பதைச் சந்தோஷத்தில் மறந்தேபோயிருந்தாள். மற்றவர்கள் எழுத்தைத் திருத்தியே பழகியவளுக்கு முகம் சிவந்துபோனது. ஊசிக்காரர் சட்டென்று எழுந்து, வாசலில் போய் வானத்தைப் பார்த்தார். அன்றைக்கு அவர் கொடுத்ததிலேயே பெரிய உதவி அதுதான் என்று அக்கா பிற்பாடு சொன்னாள். நேராக வெட்டியதைப் பின்கதவில் ஒட்டினார்கள். முன்பக்கத்துக்கு இன்னொன்று திருப்பி வெட்டினாள். இருட்டுவதற்குள் வேன் கிளம்பிவிட்டது. மறுநாள் சோதனை முடிந்து திரும்புகிற வழியில், அந்த அமைதியான டிரைவர் கடை வாசலில் சைரனை ஒரே ஒரு தரம் ஒலிக்கவிட்டுப் போனார். தெருவே வெளியே வந்து பார்த்தது.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் கடைக்காரர் பழைய பெட்டிகளையெல்லாம் அக்காவிடம் அனுப்பிவைக்கிறார். அவருக்குப் பொறுமை கிடையாது, இவளுக்கு இந்த வேலை ருசித்துவிட்டது. எடை மேடையில் இருக்கும் கம்ப்யூட்டர், பல் டாக்டரின் கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பிடிவாதம். சிலது நங்கூரத்துக்கு எழுந்துவிடும். சிலதற்கு வேறு புரோகிராம், வேறு ஃபிளாப்பி. ஸ்டிக்கர் வேலை இல்லாத பொழுதுகளில் அவள் ஒரு குண்டூசியும் டார்ச்சுமாக ஏதாவது ஒன்றின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பாள்.

போன வாரம் மரம் அறுக்கிற பட்டறையிலிருந்து ஒன்று வந்தது. திறந்தால் உள்ளே ஒரு பிடி மரத்தூள். நாள் முழுக்க முயன்றுவிட்டு, அக்கா வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். ஊசிக்காரர் டப்பாவோடு வந்தார். நிறைய நேரம் துழாவிவிட்டு ஒன்றை நீட்டினார். அக்கா அதன் நெற்றியைப் படித்தாள்.

"கப்பல் வேணாம், அந்த டிசைன் நல்லா இருக்கும். வேற ஏதாவது குடுங்க."

"அப்போ ரோஜாவ எடுத்துக்க," என்றார் அவர். "ரோஜாவ நான் கண்ண மூடிக்கிட்டுக் கையாலயே போட்டுடுவேன்."