எட்டைத் தூக்கிய ராகவன் சார்

எங்கள் டீம் லீடர் ராகவன் சாருக்கு எட்டாம் நம்பர் ஆகாது. வண்டி நம்பர், செல் நம்பர், செங்கல்பட்டில் குடியிருக்கும் ஃபிளாட் என எதைக் கூட்டினாலும் எட்டு வராது. அப்பேர்ப்பட்ட விஞ்ஞானியிடம்தான் ஹெலனாகிய நான் கம்ப்யூட்டர் கோடு எழுதிச் சம்பளம் வாங்குகிறேன்.

மாமல்லபுரத்துக் கடற்கரை ஓட்டல் ஒன்றுக்கு ஆர்டர் ஆப் செய்துகொண்டிருந்தோம். விருந்தாளி போனில் தட்டினால் சமையலறைத் திரையில் தெரிய வேண்டும். மணல் பக்கத்துக் குடில்களில் சிக்னல் அரை உயிர். அதனால் தகவலைச் சுருக்கி அனுப்பும் லைப்ரரி ஒன்றை, அதாவது யாரோ எழுதிவைத்த ரெடிமேட் கோடை, எங்கள் ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்டில் போடச் சொன்னார் சார். டெமோ தேறினால் அவருக்கு மேனேஜர் பதவி. அவர் மனைவி ஸ்ரீதேவி மேடம் சொந்தக்காரர்களுக்கெல்லாம் இப்போதே சொல்லிவிட்டார்.

இன்ஸ்டால் செய்ய ஒரு வரி தட்டினால் போதும். ராகுகாலம் முடியட்டும் என்று என்னை உட்காரவைத்தார். முடிந்ததும் தட்டினேன். பிறகு ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு நம்பர் கொடுத்தேன். அறைக்கு ஒன்று, பெயருக்கு இரண்டு, இப்படி. போனிலும் சமையலறையிலும் அந்த நம்பர் ஒன்றாகவே இருக்க வேண்டும். மாறினால் இந்த லைப்ரரி கத்தாது, தெரியாத நம்பரைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். இதைச் சாரிடம் விளக்கினேன். தலையாட்டினார். ஆனால் அவர் கண் எட்டாம் நம்பரிலேயே நின்றது. அது ஒவ்வாமைக்கு உரியது.

டெமோ அன்று நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது, சார் சமையலறைக் கம்ப்யூட்டரில் எட்டை ஒன்பதாக்கிவிட்டார். போனில் எட்டு எட்டாகவே இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது.

ஓட்டல் முதலாளி சுப்புராமன் முன்னால் சார் போனில் மீன் சூப் கேட்டார். ஒவ்வாமைக் கட்டத்தில் 'இறால்' என்று தட்டினார்.

"எனக்கு நிஜமாவே ஒத்துக்காது சார். துளி உள்ள போனாலும் மூஞ்சி வீங்கிடும். இப்ப பாருங்க எங்க சிஸ்டத்த!"

பார்த்தோம். தாராள மனசுக்காரச் சமையல்காரர் இறாலை அரைத்தே கலந்திருந்தார். பாதிக் கிண்ணத்திலேயே சாரின் உதடு வீங்கியது. ஓடிப்போய்ப் பார்த்தால், திரையில் ஒவ்வாமைக் கட்டம் காலி. ஃபைலில் ஒன்பது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மிச்ச சூப்பையும் அவருக்கே ஊட்டியிருப்பேன். ஆனால் அவருக்கு மூச்சு இழுத்ததைப் பார்த்ததும் ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் மூச்சு சீரானது. ஆயா எல்லம்மாள் வந்தார்.

"இன்னா சார், குந்திகினே கீற? எட்டாம் நம்பர் பெட்டு காலியா கீது. வந்து பட்த்துக்க."

சார் மாட்டேன் என்று தலையாட்டினார். நடைவழி பெஞ்சிலேயே, ஜன்னல் கம்பியில் தொங்கும் டிரிப்ஸோடு உட்கார்ந்திருந்தார்.

சுப்புராமன் போன் செய்தார். "உயிரோட இருக்காரா? நாளைக்கு மறுபடி காட்டட்டும். சரியா வந்தா கையெழுத்துப் போடறேன்."

அங்கேயே லேப்டாப்பைத் திறந்து, நெட் வழியாகச் சமையலறைக் கம்ப்யூட்டரில் ஒன்பதை எட்டாக்கினேன். வீங்கிய இமை இடுக்கால் சார் எட்டிப் பார்த்தார்.

"ஹெலன்... அது எட்டா?"

"இல்ல சார். ஏழும் ஒண்ணும்."

பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப சரி" என்றார்.