முதல் தொகுதியில் அப்பா, கடைசித் தொகுதியில் நான்

இங்கிலாந்தில் என்னை எல்லோரும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். காலையில் ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி "குட் மார்னிங், டாக்டர் ஆறுமுகம்" என்கிறார். இலங்கையில் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த என் அப்பாவை அங்கே ஒருவரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை, மருந்தையா என்பார்கள். அம்மாவோ அந்தப் பெயர் வந்துவிடக்கூடாதே என்று சாமியைக்கூட முருகா என்று மட்டும்தான் கும்பிடுவாள். வந்த புதிதில் நம் வழக்கப்படி ஏ. வள்ளியம்மை என்று படிவத்தில் எழுதினேன். ஏ என்றால் என்ன என்று கேட்டார்கள், ஆறுமுகம் என்றேன். அன்றிலிருந்து நான் வி. ஆறுமுகம்.

அதனால் என்ன குறைந்துவிட்டது என்றுதான் போன மாதம்வரை இருந்தேன். என் ஆராய்ச்சி வேலையை நிரந்தரமாக்குவதா என்று முடிவெடுக்கும் நேரம். இங்கே கட்டுரை எழுதினால் மட்டும் போதாது. அதைப் பிறர் தம் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்களா என்றும் பார்ப்பார்கள். அதற்கென்றே, எழுதியவரின் கடைசிப் பெயரை ஆங்கில அகரவரிசையில் அடுக்கி, வருடாவருடம் தலையணை மொத்தத்தில் அட்டவணைத் தொகுதிகள் வருகின்றன. இங்கே நான் எழுதியவை நேற்றுப் பிறந்தவை. மலைபோல் நம்பியிருந்தது இலங்கையில் எழுதியதைத்தான். எங்கள் துறைத் தலைவி மார்கரெட், "அதை ஒருவரும் மேற்கோள் காட்டியதாகத் தெரியவில்லையே" என்றார். வேலை போனால் விசாவும் போகும்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கட்டுரைக்காக மடுல்சீமைக்கு எத்தனை தடவை போயிருப்பேன். பதுளையிலிருந்து பஸ், பஸ் நின்ற இடத்திலிருந்து நடை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகைக்குப் பக்கத்தில் மேசை போட்டு, பிள்ளைத்தாய்ச்சிகளின் இரத்தம் எடுத்துச் சோகை பார்ப்பேன். முதல் மாதங்களில் இருப்பவர்கள் லேசில் வரமாட்டார்கள். செல்லம்மா என்றொரு பெண் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"எம்பேர எழுதிராதீங்க டாக்டரம்மா. மாசமா இருக்கேன்னு தெரிஞ்சா கொழுந்துக்கு அனுப்ப மாட்டாங்க."

"நம்பர் மட்டுந்தான் போடுவேன்."

"அப்ப எடுங்க. இது யாருக்காச்சும் ஒதவுமா?"

"ஒதவும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாக்கு என்னைத் தூங்கவிடவில்லை. வயிறு தெரியும்வரை காத்திருக்காமல், பெயர் கேட்காமல், வேலைத்தலத்திலேயே இரத்தம் பார்க்க வேண்டும் என்று எழுதினேன். கொழும்பில் ஒரு மெல்லிய சஞ்சிகை அதை வெளியிட்டது.

மார்கரெட் சொன்னதை நம்ப மனமில்லாமல் நூலகத்துக்குப் போனேன். முதல் தொகுதியில் ஆறுமுகத்துக்குக் கீழே இலங்கைக் கட்டுரை இல்லவே இல்லை. புத்தகத்தை மூடியபோதுதான் மண்டையில் உறைத்தது. கொழும்பில் அது அச்சானபோது நான் ஆறுமுகம் இல்லையே. கடைசித் தொகுதிக்கு ஓடினேன். பொடி எழுத்தில் வள்ளியம்மை ஏ. அவளுக்குக் கீழே அவளை மேற்கோள் காட்டியவர்கள் வரிசையாக. அவர்கள் எழுதிய சஞ்சிகைகளைத் தேடித்தேடி எடுத்தேன். நைஜீரியாவிலிருந்து ஒருவர், பிரேசிலிலிருந்து இருவர். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்து டாக்டர் ஒருவர் என் முறையிலேயே இரத்தம் பார்த்து, ஆரம்ப மாதங்களிலேயே இரும்பு மாத்திரை கொடுக்கத் தொடங்கியிருந்தார். உதவியிருக்கிறது, செல்லம்மா. சந்தோஷம் தாங்காமல் வாய்விட்டுச் சிரித்தேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள், எனக்கு வெட்கமே வரவில்லை.

மார்கரெட்டைக் கையோடு கூட்டிவந்து இரண்டு தொகுதிகளையும் எடுத்துக் காட்டினேன்.

"வள்ளியம்மை யார், உங்கள் சகோதரியா?"

"நான்தான்."

"அப்படியானால் ஆறுமுகம்?"

"என் அப்பா."

"இங்கே வந்த கட்டுரைகளை உங்கள் அப்பாவா எழுதினார்?" என்று கவலையோடு கேட்டார். நம் பெயர் வழக்கத்தை விளக்கி முடிப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. ஆனால் புரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. இரண்டு பெயரின் கணக்கையும் சேர்த்தே குழுவுக்கு எழுதுகிறேன், வேலை உங்களுக்குத்தான் என்றார். கூடவே, "இனிமேல் ஒரே பெயரில் எழுதுங்கள். எதுவென்று இன்றே சொல்லுங்கள், பதிந்துவிடுகிறேன்" என்றார்.

ஆறுமுகத்தை விட்டால் இந்த நாட்டில் நான் ஒன்றுமே எழுதவில்லை. வள்ளியம்மையை விட்டால் மடுல்சீமைக்கு நான் போகவே இல்லை. "ஒரு தொகுதியைக் கொடுங்கள், நான் அடுக்கில் வைக்கிறேன்" என்று மார்கரெட் கை நீட்டினார். எதைக் கொடுப்பதென்று தெரியாமல், முதல் தொகுதியையும் கடைசித் தொகுதியையும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.