செம்பூரில் வீடு கேட்கப் போனோம்

எங்கள் வீட்டில் ஒரு வாரம் கருவாட்டுக்குத் தடை விழுந்தது. பம்பாய்ச் செம்பூரில் அப்பா பார்த்து வைத்திருந்த வீட்டை நாங்கள் வாங்கலாமா கூடாதா என்று அந்தக் கட்டடத்தின் சொசைட்டி, அதாவது குடியிருப்போர் சங்கம், சொல்ல வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். உடுப்பில் வாடை வரக் கூடாதென்று அம்மா எல்லாவற்றையும் துவைத்து, நாங்கள் அப்போது இருந்த தாராவியின் காற்றே படாமல் வீட்டுக்குள் காயப்போட்டாள். அப்பாவுக்கு டிராம்பேயில் நல்ல வேலை, கம்பெனி கடன் தரத் தயார், விற்பவருக்கும் சம்மதம். பிறகு எதற்கு இத்தனை கும்பிடு என்று இன்று நினைத்தாலும் எனக்கு ஒரே எரிச்சல்.

சொசைட்டி செயலாளரும் தமிழர்தான். எங்களைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். காபி வந்தது. சின்னப் பிள்ளையான என் படிப்பைக்கூட விசாரித்தார். ஊர் எது என்றார்; திருநெல்வேலிப் பக்கம் என்று சொன்னதும் விடவில்லை, எந்தக் கிராமம் என்றார். அதையும் அப்பா சொன்னார்.

"அடடே, நன்னாத் தெரியுமே. அங்க எந்தத் தெருவுல இருக்கேள்?"

இந்தக் கேள்வி வரும், வந்தால் மேலத்தெரு என்று சொல்லிவிடு என்று வேலையிடத்து நண்பர் ஒருவர் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அப்பா தம்ளரைக் கீழே வைத்தார். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"காலனிங்க. ஊருக்கு வெளிய, குளத்தங்கரையில."

அவர் முகம் மாறவேயில்லை. இன்னும் கொஞ்சம் காபி ஆகட்டும் என்றுகூட உபசரித்தார். மனிதருக்கு அத்தனை பண்பு.

அந்த வாரமே விற்பவருக்கு எங்கிருந்தோ ஒரு சொந்தக்காரர் முளைத்து, வீட்டை அவருக்கே கொடுக்கப்போவதாகத் தகவல் வந்தது. அடுத்தடுத்துப் பார்த்த கட்டடங்களிலும் இதே கூத்துதான். விலை ஏறி ஏறி, அப்பாவின் கடன் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. கோவண்டியில் வாடகை கொடுத்தே அவர் காலம் முடிந்தது. அந்தச் செம்பூர்க் கட்டடத்தில் வளர்ந்த ஒருவர் இன்று என் ஆபீசில் இருக்கிறார். எனக்கும் அவருக்கும் ஒரே சம்பளம். பழைய கட்டடத்தை இடித்துக் கட்டியதில் அவருக்குப் பெரிய ஃபிளாட் கிடைத்தது. அதன் பேரில் கடன் வாங்கி மகளை வெளிநாட்டில் படிக்க வைக்கிறார். நான் மான்குர்தில் வாங்கிய வீட்டுக்கு இப்போதுதான் தவணை கட்டுகிறேன். அவர் கெட்டிக்காரர், பணத்தைப் பெருக்கத் தெரிந்தவர் என்று ஆபீசில் பேச்சு.

அந்த ஞாயிற்றுக்கிழமை செம்பூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில், ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருக்கலாம் என்று அப்பா முனகினார்.

"சொல்லிட்டு? அங்க பொழுதன்னைக்கும் பயந்துக்கிட்டே இருக்கவா?" என்றாள் அம்மா. "வீடு வாங்கத்தான் போறோம். இன்னாருன்னு சொல்லித்தான் வாங்குவோம்."

இருவருக்கும் நடுவே நான் மட்டும் குஷியாக இருந்தேன். பம்பாயில் அதுவரை யாரும் எங்கள் ஊரைப் பற்றி இவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை. அந்த மாமா நம்ம ஊருக்கு எப்போ வருவார் என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். தெருவைக் கேட்பவர்கள் வீட்டுக்கு வரத்தான் கேட்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.