பன்னிரண்டு வேளைக் காகிதம்

மருந்துப் புட்டியில் ஒட்டியிருந்த காகிதத்தை மாற்றி ஒட்டியது நான்தான் என்பது என் மாமனாருக்குத் தெரியுமா? இரண்டு வருஷமாக இதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். சில நாள் தெரியும் என்று நிச்சயமாகத் தோன்றுகிறது. மறுநாள் காலையில் அவர் என் கையிலிருந்து காப்பியை வாங்கிக்கொண்டு, "உப்புமா வாசனை தெருக்கோடி வரைக்கும் வருதும்மா" என்று சொல்லும்போது, தெரிந்திருக்க முடியாது என்று தோன்றுகிறது.

என் மாமனார் கம்பவுண்டர். கண்டோன்மென்டில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் முப்பது வருஷத்துக்கு மேல் மருந்து கலந்து கொடுத்தவர். ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். யுத்தம் வந்து, அங்கே இருந்த இரண்டு இளவயது கம்பவுண்டர்களும் பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். அப்போது அவருக்கு அறுபது. திரும்ப வரச்சொல்லி ஆஸ்பத்திரிக் கமிட்டியிலிருந்து கடிதம் வந்த அன்று பெட்டியிலிருந்து பழைய வெள்ளைக் கோட்டை எடுத்துத் தாமே இஸ்திரி போட்டார். நான் செய்கிறேன் என்றதற்கு, "நீ குழந்தையைப் பாரு. இதுல மடிப்பு எங்க விழணும்னு எனக்குத்தான் தெரியும்" என்றார்.

காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டில் அப்போது மூன்றே பேர்: அவர், நான், ஒரு வயதுகூட நிரம்பாத என் மகன். என் கணவர் ராணுவக் கணக்கு ஆபீஸ் வேலையாகப் பூனாவுக்குப் போயிருந்தார். அவர் எனக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. "அப்பாவுக்குக் கை நடுங்குகிறது. மருந்து வேலை விளையாட்டல்ல. நீ படித்தவள்; கவனித்துக்கொள். சரியில்லை என்று தோன்றினால் நிறுத்திவிடு."

கை நடுங்கியது உண்மைதான். காப்பிக் கோப்பையைச் சாஸரில் வைக்கும்போது டகடகவென்று சத்தம் கேட்கும். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் யாரும் அதைப் பற்றிக் குறை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் நான் நின்றால், முன்பின் தெரியாத பெண்கள்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு, "கம்பவுண்டர் ஐயா மருமகளா?" என்பார்கள். ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கும், இன்னொருத்தியின் புருஷனுக்குப் புண் ஆறியிருக்கும். நானே மருந்து கலந்து கொடுத்ததுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வருவேன். வந்ததும் கணவர் கடிதம் ஞாபகம் வரும்.

குளிர்காலத்தில் குழந்தைக்கு இருமல் பிடித்தது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததை மாமாவே கலந்து கொண்டுவந்தார். யுத்த காலத்தில் மருந்துப் புட்டி கிடைப்பது அரிது. வருகிறவர்கள் அவரவர் வீட்டிலிருந்து எதையாவது கழுவிக் கொண்டுபோக வேண்டும். எங்கள் வீட்டில் காலியாக இருந்தது என் கல்யாணத்துக்கு வந்த தலைத் தைலப் புட்டி ஒன்றுதான். அடி அகலமாக, மேலே போகப்போக ஒடுங்கி, பார்க்க ஒரு பேரிக்காய் மாதிரி இருக்கும்.

மருந்துப் புட்டியின் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டிக் கொடுப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் ஓரத்தைப் பல் பல்லாக வெட்டியிருப்பார்கள். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. மருந்து ஒரு பல் இறங்கும் அளவுக்கு ஊற்றிக் குடித்தால் போதும். அளவுக் கண்ணாடி தேவையில்லை.

"பன்னண்டு வேளை. நல்லாக் குலுக்கிக் குடு" என்று சொல்லி, புட்டியை என் கையில் கொடுத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனார். அவர் போன பிறகு வெளிச்சத்தில் பார்த்தேன். காகிதத்தில் மேலே இருந்த பற்கள் அகலமாக இருந்தன. கீழே வரவர நெருங்கி, அடியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தன. வெட்டிக்கொண்டே வரும்போது கை தளர்ந்துவிட்டது, அதனால் கடைசியில் இப்படி ஆகிவிட்டது என்று எண்ணினேன். பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான் எப்போதும் முதல். ஸ்கேலை எடுத்து, பன்னிரண்டு சமபாகமாகக் கோடு போட்டு, புதிய காகிதம் ஒன்று வெட்டினேன். மைதாப் பசை காய்ச்சி அதை ஒட்டினேன். அவர் ஒட்டியிருந்ததைத் தண்ணீரில் நனைத்து உரித்தபோது, பெரியவர் கைப்பட்டது என்று எறிய மனம் வரவில்லை. காயவைத்துப் பாட்டுப் புத்தகத்தின் நடுவில் வைத்தேன். மாமா மனம் நோகக் கூடாது என்று புட்டியை உள் அலமாரியில், பால் மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். எனக்கே என்னைப் பற்றி அன்று கொஞ்சம் பெருமையாக இருந்தது.

முதல் இரண்டு நாள் இருமல் துளியும் குறையவில்லை. நாலாம் நாள் காலை வேளை கொடுத்ததும் குழந்தை வாந்தி எடுத்தான். மத்தியான வேளைக்கும் அப்படியே. கண் சொருகி, துணிபோல என் தோளில் சாய்ந்தான். காகிதத்தைத்தான் திருத்தினோம், மருந்தையே மாமாவின் கை தப்பாகக் கலந்திருந்தால் என்ன செய்வது என்று பயம் பிடித்துக்கொண்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரியின் பின்வாசல் வழியாக டாக்டரம்மா அறைக்குப் போனேன். முன்னால் போனால் மருந்து ஜன்னலில் மாமா இருப்பார்.

டாக்டரம்மா குழந்தையைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் பயமில்ல. அந்த மருந்து கூடிப்போனா வாந்தி வரும், அவ்வளவுதான். ஆனா ஏன் கூடிப்போச்சு?" என்றார்.

"மாமாவுக்குக் கை நடுங்குதுங்க" என்றேன். சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

டாக்டரம்மா குழந்தையை என்னிடம் திருப்பித் தந்தார். "அவர்கிட்ட கேக்காம இருக்க முடியாது. நாளைக்குப் புட்டியைக் கொண்டு வா" என்றார்.

அன்று சாயங்காலம் மாமா வந்து, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். குழந்தையை வாங்கிக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார்.

"வாந்தி எடுத்தானாமே. என்கிட்ட சொல்லலியேம்மா."

"உங்களை ஏன் தொந்தரவு பண்ணணும்னு..."

"முப்பது வருஷத்துல ஒருத்தரும் என்னைப் பத்தி டாக்டர்கிட்ட போனதில்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வானம் மூடியிருக்கிறது என்பதுபோலச் சொன்னார். "நாளைக்கு நான் போகல. நீ போகணுமாமே, போயிட்டு வா. இவனை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் பையில் புட்டியோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தேன். வரிசை கேட் வரைக்கும் நின்றது. மருந்து ஜன்னலில் நர்ஸம்மா ஒருவர் தவித்துக்கொண்டிருந்தார். வழக்கமாக இந்த வரிசை எவ்வளவு வேகமாக நகரும் என்று எனக்குத் தெரியும். அன்று நகரவே இல்லை. பிளாக்பள்ளி மார்க்கெட்டில் கறிக்கடை வைத்திருக்கும் பாய் வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "கம்பவுண்டர் சாப் நை ஆயே க்யா?" என்றாள்.

"இல்லீங்க, இன்னிக்கு வரலியாம்" என்றாள் எனக்குப் பக்கத்தில் இருந்த பூக்காரி.

"அப்போ நாளைக்கே வர்றேன்" என்று அந்த அம்மா திரும்பிப் போனாள்.

"நானும் அப்படித்தான் எழுந்து போலாம்னு பாக்கறேன்" என்று பூக்காரி என் பக்கம் திரும்பினாள். "முன்னாடி இருந்த பசங்க காகிதத்தை நாலா மடிச்சு ஒரே வெட்டு. எல்லாப் புட்டிக்கும் அதே. முதல் நாள் ஒண்ணும் கேக்காது, கடைசி நாள் வயித்தைப் பொரட்டும். இந்த ஐயா அப்படிச் சும்னே, பாக்காம கொள்ளாம ஒட்டமாட்டாரு. புட்டியைத் தூக்கி வெளிச்சத்துல ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டுத்தான் கத்திரியை எடுப்பாரு. நம்ம புட்டி நமக்கே தெரியாது, அவருக்குத் தெரியும்."

ஜன்னல் பலகையில், முந்தின நாள் அவர் ஒட்டி வைத்துவிட்டுப் போன நாலைந்து புட்டிகள் ஆளுக்காகக் காத்திருந்தன. ஒன்று சாராயப் புட்டி. நேரான உடம்பு, அதன் பற்கள் சமமாக இருந்தன. ஒன்று வயிறு பெருத்தது. நடுவில் பற்கள் நெருங்கி, மேலும் கீழும் அகன்றிருந்தன. வெட்டு ஒவ்வொன்றும் நூல் பிடித்ததுபோல் இருந்தது. அந்தக் கை நடுங்கும். ஆனால் கத்திரி பிடிக்கும்போது மணிக்கட்டை மேஜை விளிம்பில் அழுத்திக்கொள்வார். வீட்டில் காய்கறி நறுக்கித் தரும்போதும் அப்படித்தான் செய்வார். நான் தினமும் பார்த்ததுதான்.

அகலமான அடியில் ஒரு விரற்கடையில் இருக்கும் மருந்தும், ஒடுங்கிய கழுத்தில் ஒரு விரற்கடையில் இருக்கும் மருந்தும் எப்படி ஒன்றாகும்? கணக்கில் முதல் வாங்கியவளுக்கு இது தோன்றவில்லை.

உள்ளே போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டுப் புத்தகத்தையும் கொண்டுவந்திருந்தேன். ஏன் எடுத்து வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அதிலிருந்து மாமாவின் காகிதத்தை எடுத்து வைத்தேன். டாக்டரம்மா திட்டவில்லை. புட்டியில் தண்ணீர் ஊற்றி, என் காகிதத்தின்படி ஒவ்வொரு வேளையாக அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்தார். முதல் வேளை பாதிக் கோட்டுக்குத்தான் வந்தது. கடைசி வேளைகள் கோட்டைத் தாண்டி ஏறக்குறைய இரண்டு மடங்கு நின்றன. பிறகு என்னுடையதை உரித்துவிட்டு மாமாவுடையதை ஒட்டினார். வேளைக்கு வேளை, தண்ணீர் ஒரே கோட்டில் வந்து நின்றது. பன்னிரண்டும்.

"ஏழாவது ஒரு மயிரிழை தூக்கல்" என்றார் டாக்டரம்மா. "ஸ்கேல் இல்லாம, கண்ணால. நான் அஞ்சு வருஷம் படிச்சுட்டு வந்தேன், என்னால முடியாது."

நான் அழுதுகொண்டே சிரித்தேன். அந்தக் காகிதத்தை வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் தூக்கிக் காட்ட வேண்டும்போல் இருந்தது. என் வீட்டுப் பெரியவர் வெட்டியது என்று.

"அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றேன்.

"அவர் மேல தப்பில்லன்னு நான் சொல்லுவேன். மீதியைச் சொல்றது உன் வேலை."

அன்று மத்தியானமே ஆள் அனுப்பி அவரைக் கூப்பிட்டுக்கொண்டார். "அளந்து பாத்துட்டேன் ஐயா, உங்க அளவு சரியாத்தான் இருக்கு. நாளைக்கு வந்துடுங்க" என்றாராம். "அப்போ பேரன் ஏன் வாந்தி எடுத்தான்?" என்று இவர் கேட்டிருக்கிறார். "குழந்தைங்கன்னா எடுக்கும்" என்று முடித்துவிட்டார் டாக்டரம்மா. இதை மாமாதான் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். சொல்லிக்கொண்டே, டாக்டரம்மா கொடுத்தனுப்பிய தைலப் புட்டியைக் கையில் உருட்டினார். அவருடைய காகிதத்தின் ஓரத்தில் என் மைதாப் பசை வெள்ளையாகக் கொஞ்சம் காய்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கோந்துதான் போடுவார்கள். அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். குழந்தை அழுதான், எழுந்து போய்விட்டேன்.

மறு வாரம் எங்கிருந்தோ சிறிய அளவுக் கண்ணாடி ஒன்று கொண்டுவந்து தந்தார். "இந்த ஊர் ஈரத்துல காகிதம் நிக்கறதில்லம்மா. நம்ம வீட்டுக்கு இதுவே சுலபம்" என்றார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்துவிட்டது. குழந்தைகளுக்கான புட்டி என்றால் ஒட்டி முடித்ததும் டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் ஜன்னலில் வைப்பாராம். "ஐயா, எனக்கு வேற வேலை இல்லையா?" என்று அவர் சலித்துக்கொண்டாலும், "ஒரு தடவை பாத்துடுங்கம்மா" என்று நிற்பாராம். யுத்தம் முடியும்வரை ஒருநாள்கூட ஜன்னலை மூடியது கிடையாது.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. பட்டாளத்துக்குப் போன ஒருவர் திரும்பி வந்துவிட்டார். ஆனாலும் கமிட்டியார் மாமாவை இருக்கச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். வரிசையில் நிற்பவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதியதாக டாக்டரம்மா சொன்னார். அந்தக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். கணவருக்கும் நகல் எழுதி அனுப்பினேன். "அப்பா இருக்கட்டும், என் யோசனைதான் தப்பு" என்று பதில் வந்தது. தப்பு யாருடையது என்று அவருக்கும் தெரியாது.

மாமா கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "குழந்தை புட்டியில ஒரு தடவை தப்பு நடந்துபோச்சு. டாக்டரம்மா நல்ல மனசோட மூடி மறைச்சாங்க. இனிமே வேணாம்மா, போதும்" என்கிறார். இந்த மாதக் கடைசிக்குள் பதில் எழுத வேண்டும்.

நான் சொல்லிவிட்டால் அவர் மனத்திலிருந்து அந்தப் பழி இறங்கும், கோட்டுக்கு இஸ்திரி போடுவார். ஆனால் பசையைத் தடவிய அன்றே தெரிந்துகொண்டு, எனக்காக இரண்டு வருஷம் பேசாமல் இருந்தவராக இருந்தால்? இப்போது உண்மையிலேயே கால் ஓய்ந்து, அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, இந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால்? அப்போது நான் போய்ச் சொல்வது, ஓய்வு கேட்கிறவரை மறுபடியும் ஜன்னலுக்குத் தள்ளுவதாகிவிடாதா? சொல்ல வேண்டும் என்று காலையில் தீர்மானிக்கிறேன். அவர் குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் நாளைக்கு என்று விட்டுவிடுகிறேன்.

இதைப் படிக்கும் சகோதரிகளில் மாமனாரோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் பலர் இருப்பீர்கள். வயதான பிறகும் வேலைக்குப் போகும் பெரியவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவருடைய இடத்தில் நீங்கள் இருந்தால், மருமகள் வந்து சொல்ல வேண்டும் என்று விரும்புவீர்களா, வேண்டாம் என்று விரும்புவீர்களா? சொல்லலாம் என்றால், எந்த வார்த்தையில் தொடங்கட்டும்? மாதம் முடியுமுன் எழுதுங்கள்.