நீங்கள் எடுக்கிறனீங்களோ?

போன சனிக்கிழமை ஒருவர் என்னைக் குடிகாரன் என்று முடிவுகட்டினார். அதுவும் நானே வாய்விட்டுக் கொடுத்த வாக்குமூலத்தை வைத்து.

நான் குடிப்பதில்லை என்பது இந்தப் பத்தியை விடாமல் வாசிப்பவர்களுக்குத் தெரியும். பெரிய கொள்கை எல்லாம் இல்லை… அரைக் கிளாஸ் பியர் உள்ளே போனாலே எனக்குத் தலையிடி. அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். மகள் துளசிக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை நிரோஷன், இங்கே கனடாவில் அஜக்ஸ் நகரத்துப் பையன். மண்டபம் பிடித்தாச்சு, சாப்பாடு சொல்லியாச்சு. ஒன்றில் மட்டும் இழுபறி – ரிசெப்ஷனில் மேசைக்கு மேசை வைன் வைப்பதா, இல்லையா? பிள்ளைகளுக்கு விருப்பம். எனக்கும் மனைவி வசந்தாவுக்கும் ஆட்சேபம் இல்லை. நிரோஷனின் அம்மா யோகராணிதான் மறுத்தார். "உந்தச் சாமான் எங்கட வீட்டுக் கலியாணத்திலை வேண்டாம்." ஒரே வசனம். காரணம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பிள்ளைகள் விடுவார்களா? நயாகராப் பக்கம் ஒரு நாள் டிரிப் போட்டார்கள். இரண்டு வைனரி, திரும்பும் வழியில் சின்னதாக, பியர் வடிக்கும் ஒரு புரூவரி. "அன்ரி, ஜஸ்ட் வந்து பாருங்கோ. பார்த்திட்டு டிசைட் பண்ணுங்கோ," என்றாள் துளசி. யோகராணி வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். அவருடைய கணவருக்கு மிசிசாகாவில் ஷிஃப்ட். ஆக, வான் வண்டியில் ஐந்து பேர். ஓட்டியது நிரோஷன் – அவன் அன்று முழுக்க ஒரு சொட்டும் தொடவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வைனரியில் காது விறைக்கும் குளிர். பனிக்குள் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள். சிலவற்றில் வலைக்குள் குலைகள் இன்னும் தொங்கின. ஐஸ் வைனுக்காக அப்படியே உறைய விடுகிறார்களாம். எனக்கோ கண்டதையெல்லாம் படம் பிடிக்கும் வியாதி. கையுறையைக் கழற்றிவிட்டுப் போனைத் தூக்கினேன். மற்றவர்கள் உள்ளே போய்விட்டார்கள். யோகராணி மட்டும் பின்னால் நின்றார்.

"அண்ணை, நீங்கள் எடுக்கிறனீங்களோ?"

"ஓம். எங்கை போனாலும் எடுப்பன்," என்றேன், திரும்பிப் பார்க்காமல்.

"எப்பவாவது… அப்பிடியோ?"

"எப்பவாவதோ? ஒவ்வொரு நாளும். இண்டைக்கும் வெளிக்கிட முந்தியே வாசல்லை நிண்டு ரெண்டு எடுத்திட்டன்."

"வசந்தா அக்கா ஒண்டும் சொல்லமாட்டாவோ?"

"பேசுவாதான். கையும் நடுங்கத் தொடங்கியிட்டுது, இனியாவது விடுங்கோ எண்டுவா. பழகினதை விடேலுமே?"

கேட்ட கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்வதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. அன்று அந்தப் பெருமை உச்சத்தில் இருந்தது.

இரண்டாவது வைனரியில், பரிமாறிய பெண் என் முன்னால் கிளாஸ் வைத்தபோதெல்லாம் யோகராணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் பங்கை நைசாகத் துளசியின் பக்கம் தள்ளிவிட்டேன். அதையும் பார்த்தார். இப்போது யோசித்தால் புரிகிறது – ஒளிக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்.

புரூவரிக்குள் நுழைந்ததும் துளசி என் ஜாக்கெட்டைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். கண் கலங்கியிருந்தது.

"அப்பா, அன்ரிட்ட என்ன சொன்னீங்க? நீங்க எவ்ரிடே குடிக்கிறீங்களாம். மோர்னிங்கே ரெண்டாம். கை ஷேக் பண்ணுதாம். அவ இந்த வெடிங்கே வேணுமா எண்டு நிரோட்ட கேக்கிறா."

பிள்ளையின் கல்யாணம், ஐயா… ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டு நிற்கிறது.

யோசித்துப் பாருங்கள். வெட்கமோ பயமோ உள்ள எதையாவது நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுண்டா? ஒருத்தி பிள்ளை உண்டாகியிருந்தால் 'முழுகாமல் இருக்கிறா'. ஒருவர் செத்தால் 'மோசம் போனார்'. குடித்தால் 'அவர் எடுப்பார்'. எதை? மூச்சு விடமாட்டோம். கேட்பவரும் கேட்கமாட்டார். அப்படியே காலம் ஓடுகிறது.

நேரே யோகராணியின் மேசைக்குப் போனேன். அவர் முன்னால் தொடாத தண்ணீர்க் கிளாஸ். போனைத் திறந்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

"தங்கச்சி, நான் எடுத்ததெல்லாம் இதுக்குள்ளைதான் கிடக்கு. எண்ணிப் பாருங்கோ."

தயங்கித் தயங்கித்தான் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். கொடிகள். சீஸ் தட்டு. வான் கண்ணாடியில் பனி. காலையில் எங்கள் வாசலில் சாத்தியிருந்த பனி வாரும் சவள் – இரண்டு படம், இரண்டும் ஆடிப்போயிருந்தன.

"இந்த ரெண்டோ… வெளிக்கிட முந்தி?"

"ஓம். கை நடுக்கத்தையும் பாருங்கோ."

முதலில் வசந்தாதான் சிரித்தாள். "முப்பது வருசமா உவரை விடச் சொல்லுறன், யோகா. விடுறாரில்லை." யோகராணி வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்றுதான் நினைத்தோம். பார்த்தால், கண்ணிலிருந்து தண்ணீர் ஓடுகிறது.

நிரோஷன் பதறி எழுந்தான். "இரு தம்பி," என்றார். பிறகு சொன்னார், ஒரு சொல்லையும் விழுங்காமல்:

"என்ர அப்பா சாராயம் குடிச்சுச் செத்தவர். நான் இதை ஒருத்தருக்கும் சொன்னதில்லை. இவனுக்கும் சொல்லேல்லை."

நிரோஷன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். நான் தண்ணீர்க் கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினேன்.

கொஞ்ச நேரத்தில் யோகராணி மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "மேசைக்கு ஒரு போத்தல் வைன் வையுங்கோ. விஸ்கி, பிரண்டி ஒண்டும் வரப்படாது. ஆரும் கேட்டால் என்னட்டை அனுப்புங்கோ, நான் சொல்லுறன்." 'உந்தச் சாமான்' போய்விட்டது, கவனித்தீர்களா? வைனுக்கு வைன் என்று பெயர் வந்துவிட்டது. துளசி அவரைக் கட்டிப்பிடித்தாள்.

வண்டியில் ஏறும்போது யோகராணி திரும்பினார். "அண்ணை, கலியாணத்தண்டைக்கு மட்டும் நீங்கள் எடுக்கப்படாது."

வாழ்க்கையில் முதல் தடவையாக, பதில் சொல்ல முன் நான் கேட்டேன்: "எதை?"