கூழின் அடியில் சிவப்பு

பண்டசோழநல்லூர்த் தையலம்மாளுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. தன் வீட்டுப் பசுவைத் தானே கறந்த பாலைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்பாள். அப்படிப்பட்டவள் மதகடிப்பட்டுச் சந்தையில் முன்பின் தெரியாத ஒருவனிடம் லேகியம் வாங்கி வாயில் போட்டாள் என்றால் யாராவது நம்புவார்களா? போட்டாள்.

வயிற்றில் இருந்தது கலைந்ததிலிருந்து அவள் மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை. நாற்று நடும்போது காரணமில்லாமல் சிரிப்பு வரும். வரப்பேறுவதற்குள் அழுகை வந்துவிடும். புருஷன் சுப்பராயலு வாயைத் திறந்தாலே எரிந்து விழுவாள். பைத்தியம் என்று ஊர் சொல்வதற்கு முன்னால் சரிசெய்துகொள்ள வேண்டுமே என்ற பயம் அவளுக்கு. "மனசைத் தெளிய வைக்கும் தாயீ" என்று சந்தைக்காரன் நீட்டிய கருப்பு லேகியத்தை வாங்கிவந்து, தினம் விடிந்ததும் நெல்லிக்காய் அளவு உருட்டி விழுங்கினாள். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மனசு தெளியவில்லை. தலை சுற்றியது, வயிறு பிசைந்தது, வெளிக்குப் போனால் கரிபோலப் போனது. குடல் உள்ளே வெந்துகொண்டிருக்கிறது என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் கூழைக் குடித்து முடித்தவள், சட்டியின் அடியில் செங்கல் பொடி மாதிரி ஏதோ படிந்திருப்பதைக் கண்டாள்.

கூழ் காய்ச்சுவது அமுதம். சுப்பராயலுவின் செத்துப்போன அண்ணனுடைய பெண்சாதி. பிள்ளை குட்டி இல்லை. இந்த வீட்டுச் சோறுதான் அவளுக்கு எல்லாம். அவளுடைய ஒவ்வொரு அசைவையும் தையல் கவனிக்க ஆரம்பித்தாள். அமுதம் சிரித்தால் உள்குத்து, சும்மா இருந்தால் கள்ளத்தனம். சந்தேகம் பிடித்தவள் கண்ணுக்கு எதுதான் தப்பும்?

ஒருநாள் காலை, நெட்டப்பாக்கத்தில் மருந்து எடுக்கிற ராமாயியிடம் போனாள். வேண்டாதவர்கள் சோற்றில் வைத்த மருந்தை வயிற்றிலிருந்து வாந்தியாய் வெளியே கொண்டுவருவது ராமாயியின் தொழில். பச்சிலைச் சாற்றைக் குடிக்க வைத்து வயிற்றை அமுக்கினாள். கருப்பாய் ஓர் உருண்டை வந்து விழுந்தது.

"பாத்துக்கோ. தெனம் உன் கைல சோறு குடுக்கறது யாரு?" என்றாள் ராமாயி.

அன்று காலையில் தானே விழுங்கிய லேகியம் அது என்ற நினைப்பு தையலுக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரே வீட்டுக்கு வந்து, வாசலில் நின்று ஊரே கேட்கக் கத்தினாள்.

அமுதம் திருப்பிக் கத்தவில்லை. "நானா தையலு? உனக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கொழுந்தன் ஏதாவது சொல்வான் என்று அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணிக்காக வெட்கப்படுகிறான் என்றுதான் தையல் நினைத்தாள். மாற்றுப் புடவையைச் சுருட்டிக்கொண்டு அமுதம் கிருமாம்பாக்கத்துக்கு, தன் அண்ணன் வீட்டுக்கு, நடந்தே போய்விட்டாள்.

அவள் போன பிறகும் வயிற்றுவலி நிற்கவில்லை. தையல் தானே காய்ச்சிய கூழிலும் சிவப்பு படிந்தது. அதைப் பார்த்ததும் பாகூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டச் சொன்னாள்.

டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்தார். "என்னென்ன மருந்து சாப்பிடறே?"

"ஒண்ணும் இல்லீங்க" என்றாள்.

"பொய் சொன்னா நான் குடுக்கறதும் விஷமாயிடும்மா."

லேகியத்தைச் சொன்னாள். அதில் கஞ்சா இருக்கும், சிரிப்பும் அழுகையும் அதனால்தான் கூடியிருக்கிறது என்றார் அவர். "கரியாப் போகுதுன்னியே, அது இரும்பு. செங்கல் பொடியாட்டம் இருக்குமே, அயச்செந்தூரம், அத யாரு குடுத்தா?"

சுப்பராயலு துண்டை முறுக்கினான். "நான்தாங்க. ரத்தம் இல்லாததாலதான் மனசு இப்பிடி ஆடுதுன்னு வைத்தியர் சொன்னாரு. இவகிட்ட சொன்னா சாப்ட மாட்டாளேன்னு கூழ்ல கலந்தேன். வலி வந்ததும் போதலையோன்னு கூடப் போட்டேன்."

"அக்காவ அடிச்சு வெரட்டாத கொறையா வெரட்டனேனே, அப்ப உன் வாய்க்கு இன்னாய்யா வந்துச்சு?" என்றாள் தையல்.

ரத்தம் குறைவுதான், ஆனால் இரும்பை அளவு தெரியாமல் போட்டால் ஆளையே கொன்றுவிடும் என்று டாக்டர் திட்டினார். இரண்டையும் நிறுத்தச் சொல்லி, வயிறு ஆறட்டும், அப்புறம் வேண்டியதை நானே அளந்து தருகிறேன், அதுவரை முருங்கைக்கீரையும் முட்டையும் போதும் என்றார். மனசு அடங்க நாளாகும், எது சாப்பிட்டாலும் என்னிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடு என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்குப் போகாமல் தையல் வண்டியைக் கிருமாம்பாக்கத்துக்கு விடச் சொன்னாள். அமுதம் அண்ணன் வீட்டுக் கொட்டகையில் சாணம் அள்ளிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொல்லித் தையல் அழுதாள். இந்த முறை காரணத்தோடு. அமுதம் கையைக் கழுவிவிட்டு உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தாள். நீட்டுவதற்கு முன்னால் அண்ணாந்து ஒரு வாய் தான் ஊற்றிக்கொண்டாள். தையல் பார்க்கும்படி விழுங்கினாள்.

"இப்ப குடி" என்றாள்.

தையல் சொம்பைக் கீழே வைத்தாள். "வூட்டுக்கு வந்துடுக்கா" என்று கையைப் பிடித்தாள்.

"வரேன். எனக்கு வேற போக்கு ஏது? ஆனா உனக்கு இனிமே நான் சோறு போட மாட்டேன்டி."

வந்தாள். கடைசிவரை மாட்டைப் பார்த்தாள், களை எடுத்தாள், பிற்பாடு தையலுக்குப் பிறந்த பிள்ளைகளையும் வளர்த்தாள். தையல் ஜுரத்தில் கிடந்த நாளில்கூட, அமுதம் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுத்தான் கஞ்சி வைக்கச் சொன்னாள்.